மளிகைச் செலவும் குடும்பச் சிக்கனமும்

(மண்டகப்பட்டில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கிணற்று நீரைப் பற்றியும் தங்களிடம் பேசுவதற்குப் பலர் வருகின்றனர். ஒரு மாதத்திற்கென்று ஒதுக்கிய மளிகைப் பணம் அந்த மாதத்தின் கடைசி நாள் வரையில் போதும்படி செய்வது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இது பெண்டிர் விஷயம், சிறு விஷயம் என்று ஆண்மக்கள் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் வயலில் விளைந்து வீட்டிற்குள் வந்த பணம் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி அடுப்பங்கரை வாசல் வழியாகவே வெளியேறுவதைக் காணலாம். அந்த வாசலைக் காவல் காப்பது எங்ஙனம் என்பதே இன்றைய விஷயம்.

இவ்வூருக்கு வந்து சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் இவ்வூர்க் குன்றைத் தான் சுட்டிக்காட்ட வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள இம்மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசித்திரசித்தன் என்னும் விருதுப் பெயர் பூண்ட மகேந்திரவர்ம பல்லவன் மும்மூர்த்திகளுக்கு ஒரு கோயிலைக் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி இக்கோயில் ஆக்கப்பட்டது என்பதை அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டே கூறுகிறது. அரசனிடம் பொருள் இல்லாமையினால் இவற்றை விலக்கினான் என்று எவரும் கூறார். கையருகே இருந்த பாறை போதும் என்று கண்டான். அதனைக் கொண்டே கருதியதை முடித்தான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அது நிற்கிறது. சிக்கனம் என்பது இல்லாமையன்று. கையில் உள்ளது எது, அதனால் எவ்வளவு ஆகும் என்று அறிந்து நடத்தலே என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுவதில்லை.

பணம் ஒழுகும் இடம்

1857ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியக் கணக்கறிஞர், தொழிலாளர் குடும்பங்களின் செலவுகளை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவுக்கு அதன் வருமானத்தில் உணவு விழுங்கும் பங்கு பெரிது என்பதே அது. ஆகையால் உணவுச் செலவில் நேரும் தவறு செல்வரை வருத்துவதைவிட நம்மைப் போன்றோரை அதிகமாக வருத்தும்.

2023-24ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி, இந்தியக் கிராமத்தார் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 47 ரூபாய் உணவிற்கே போகிறது. இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. அந்த நூறில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குச் செல்வது சுமார் 5 ரூபாய். காப்பி, தேநீர், பலகாரம், பொட்டலத் தின்பண்டம், வெளியில் வாங்கிய சமைத்த உணவு ஆகியவற்றிற்குச் செல்வது சுமார் 10 ரூபாய். தானியம் சலுகை விலையிலும் விலையின்றியும் கிடைப்பது இதற்கு ஒரு காரணமே. எனினும், “அரிசி பருப்பு விலை ஏறிவிட்டது, ஆகவே கட்டுப்படவில்லை” என்று நாம் சொல்லும்போது, பணம் உண்மையில் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கவனியாமல் பேசுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பள்ளிவிட்டு வரும் குழந்தைகள் இருவர். ஆளுக்குப் பத்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்று. நாளைக்கு 20 ரூபாய். மாதத்திற்கு 600 ரூபாய். வருஷத்திற்கு 7,200 ரூபாய். அந்தப் பொட்டலத்தில் இருப்பது கொஞ்சம் மாவு, கொஞ்சம் எண்ணெய், மிகுந்த உப்பு, அதனினும் மிகுந்த காற்று. இதே செஞ்சிச் சீமையில் நமது மணிலாக்கொட்டை விளைகிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதச் சத்து. மூட்டையாக அதனை விற்றுவிட்டுப் பொட்டலமாகக் காற்றை வாங்குவது எவ்வகை வியாபாரம் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தின்பண்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வறுத்த கடலை, அவித்த கடலை, பொரி, எள்ளுருண்டை ஆகியவை வீட்டில் இருந்தால் கடைப் பக்கம் கால் போகாது என்றே சொல்கிறேன்.

கடன் நோட்டு

அடுத்தபடி, கடையில் உள்ள பற்று நோட்டு. ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் விலை கேட்கிறான். கடனுக்கு வாங்குகிறவன் விலை கேட்பதில்லை. கேட்க அவனுக்கு வாய் வருவதில்லை. எடை சற்றுக் குறைந்தாலும், பருப்பில் புழு இருந்தாலும், அவன் வேறு கடைக்குப் போக முடியாது. இதில் கடைக்காரரை மாத்திரம் குறை கூறுதல் நியாயமன்று. அவரும் மொத்த வியாபாரியிடம் கடன் வாங்கியவரே. வாராக் கடனின் நஷ்டத்தை அவர் எங்கேனும் ஏற்றித்தான் தீரவேண்டும். அந்த ஏற்றம், ஒழுங்காகப் பணம் கொடுக்கும் வீட்டின் மேலும் விழுகிறது.

மளிகைப் பாக்கி ஏறியபின் நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பாக்கியை அடைக்க வாரத் தவணைக் கடன். தவணையைக் கட்ட மற்றொரு கடன். கடைசியில் வீட்டு அம்மாளின் காதுக் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. கிணறு வெட்டுவதற்காகவோ, மாடு வாங்குவதற்காகவோ அது போயிருந்தால் திரும்பி வர ஒரு வழி இருக்கும். தின்று தீர்த்த பருப்பிற்காகப் போன கம்மல் எந்த வருமானத்தைக் கொண்டு திரும்பும்?

1904ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிற்று. விதைக்கும், உரத்திற்கும், நியாய வட்டியில் பணம் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். பயிருக்கென்று சங்கத்தில் வாங்கிய அந்தப் பணம் வாணலியில் எண்ணெயாகக் காய்ந்து போகுமானால், பயிரும் குன்றும், தவணையும் தவறும், சங்கமும் தளரும். ஆகவே ஒரு வீட்டின் மளிகைக் கணக்கு அந்த வீட்டாரின் சொந்த விஷயம் மாத்திரமன்று. சங்கத்தின் விஷயமும் ஆகும்.

ராக்டேல் நெசவாளர்

இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர், வாரந்தோறும் சில காசுகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் பங்கு செலுத்தி, 1844ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21ஆம் தேதி ஒரு கடையைத் திறந்தனர். அன்று அங்கு இருந்த சரக்கு கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் நொய், மெழுகுவர்த்தி என்று விரல்விட்டு எண்ணத்தக்கதே. பட்டணத்து வியாபாரிகள் கண்டு நகைத்தார்கள். ஆயினும் அவர்கள் சில விதிகளைக் கைவிடவில்லை. ரொக்கத்திற்கே விற்பனை, கலப்படமற்ற சரக்கு, குறையாத எடை, அங்கத்தினர் ஒருவருக்கு ஓர் ஓட்டு, ஆண்டு லாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவிற்கேற்பப் பகிர்தல். உலகமெங்கும் உள்ள கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அச்சிறு கடையே மாதிரியாயிற்று. நமது சென்னையில், அதே 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இவ்வழியைப் பின்பற்றிப் புகழ்பெற்றது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்த நெசவாளர் நம்மைவிடச் செல்வர் அல்லர். வேலை நிறுத்தம் தோற்று, கூலி குறைந்து, கடனில் மூழ்கியிருந்த காலத்திலேயே ரொக்கத்திற்கு வாங்குவது என்று துணிந்தார்கள். “பணம் கையில் மிஞ்சினால் ரொக்கத்திற்கு வாங்குவோம்” என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ரொக்கத்திற்கு வாங்கினார்கள், பிறகே பணம் மிஞ்சிற்று.

மாத முதல் நாள்

கணக்கு என்றவுடன் படித்தவர் வேலை என்று அஞ்சவேண்டாம். பிற்காலத்தில் பிரிந்த நமது பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே இருவேல்பட்டு என்ற கிராமம் உள்ளது. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதார ஆசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவரின் ஏற்பாட்டின்படி, 1916ஆம் ஆண்டில் அவ்வூரின் நிலைமை மாணாக்கரைக் கொண்டு விசாரிக்கப்பட்டது. அந்த விசாரணை 1918இல் நூலாக வெளிவந்தது. 1936-37இல் மறுபடியும் அதே ஊர் விசாரிக்கப்பட்டது. ஒரு கிராமத்தின் பிழைப்பை அறிய அறிஞர் முதலில் தேடியது, வரவு என்ன, செலவு என்ன என்பதையே. அவர்கள் ஊருக்குச் செய்ததை நாம் நம் வீட்டிற்குச் செய்துகொள்ள வேண்டும்.

முறை இது. முதல் மாதம் எதையும் குறைக்க முயலவேண்டாம். வாங்கியது எல்லாவற்றையும், பத்து ரூபாய்ப் பொட்டலம் உட்பட, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் வாயால் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். இரண்டாவது மாதம் முதல் தேதியில், உணவிற்கென்று இவ்வளவுதான் என்று தொகையை நிச்சயித்து, அதை நான்கு டப்பாக்களில் பிரித்துப் போடுங்கள்.

உதாரணமாக, ஐந்து பேர் உள்ள குடும்பம் 6,500 ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் டப்பாவில், பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் முதலிய மாதச் சாமான்களுக்கு 3,000 ரூபாய். இரண்டாவதில், வாரச் சந்தைக் காய்கறிக்கும் முட்டை மீனுக்கும் 2,000 ரூபாய். வாரத்திற்கு 400 ரூபாய் வீதம், ஐந்து சந்தை வரும் மாதத்திற்கும் போதும். மூன்றாவதில், பாலுக்கு 1,000 ரூபாய். நான்காவதில், விருந்தினர் வருகை, விசேஷ நாள் ஆகியவற்றிற்கு 500 ரூபாய். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். விதி மாத்திரம் மாறலாகாது. ஒரு டப்பாவிலிருந்து மற்றொன்றிற்குக் கடன் வாங்குவதில்லை. டப்பா காலியானால் அந்தச் செலவு அத்துடன் நின்றது. நான்காவது டப்பாவில் மிஞ்சியதை எடுத்துச் செலவழிக்காமல், தீபாவளிக்கென்று சங்கத்திலோ, தபாலாபீஸிலோ போட்டு வைக்கலாம். தீபாவளிச் சீட்டு என்று முன்பின் அறியாதவரிடம் மாதந்தோறும் கட்டிவிட்டுப் பண்டிகை முந்தின வாரம் பூட்டிய கதவைப் பார்த்து நின்றவர்கள் பல ஊர்களில் உண்டு.

இன்னொரு சொல். இந்த நோட்டு மனைவியின் கையில் மாத்திரம் இருந்தால் போதாது. புருஷன் தேநீர்க் கடையில் கொடுத்ததும், வெற்றிலை பாக்குக்குக் கொடுத்ததும் அதில் ஏறவேண்டும். ஒருவர் சேமிக்க ஒருவர் செலவழித்தால், அது ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவதே ஆகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஜாபிதா எழுதிக்கொண்டே கடைக்குப் போகவேண்டும். பசித்த வயிற்றுடன் சந்தைக்குப் போகலாகாது. கண்ணில் பட்டதெல்லாம் அவசியமாகத் தோன்றும்.

சிறு பொட்டலத்தைப் பற்றி நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பட்டணத்தார் மட்டும் வாங்கக்கூடிய சரக்கு கூலிக்காரனுக்கும் கிடைக்கட்டும் என்று, ஷாம்பு என்னும் தலைமுழுகும் திரவத்தைச் சிறு உறையில் அடைத்து விற்கும் வழியைப் பரப்பியவர்களுள் நமது கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முக்கியமானவர். அது ஏழைக்கு நன்மையாகவே முடிந்தது. சில சரக்குகளில் சிறு உறையே பெரிய புட்டியைவிட மலிவாக இருப்பதும் உண்டு. ஆனால் எல்லாச் சரக்கும் அவ்வாறல்ல. நூறு கிராம் துவரம் பருப்பு 16 ரூபாய் என்றும், ஒரு கிலோ 140 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நூறு நூறாகப் பத்து முறை வாங்கினால் 160 ரூபாய். ஒரே பருப்பிற்கு 20 ரூபாய் அபராதம். ஆகவே சிறியது மலிவு என்றும் நம்பவேண்டாம், பெரியது மலிவு என்றும் நம்பவேண்டாம். ஒரு கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். பொட்டலங்கள் பலவற்றின் மேல் அந்த விலை அச்சிடப்பட்டே வருகிறது. அதனையும், நிகர எடையையும், காலாவதித் தேதியையும் பார்த்தபின் பணத்தை நீட்டுங்கள். தராசில் சர்க்கார் முத்திரை உள்ளதா என்று பார்ப்பது தங்கள் உரிமை; அதற்கு வெட்கப்படவேண்டுவதில்லை.

நியாய விலைக் கடையை ஏளனமாக எண்ணாதீர்கள். தமிழ்நாட்டில் அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. அரிசி அட்டைக்கு 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய திட்டத்தின்படி துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. இவற்றை வாங்காமல் விட்டுவிட்டு வெளிக்கடையில் பன்மடங்கு கொடுப்பதும், வாங்கிய அரிசியைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவதும் நம் கையாலேயே நம் டப்பாவைத் துளையிடுவதாகும். சோற்றிற்கு ஒவ்வாத அரிசியை ஊறவைத்து இட்லிக்கும், தோசைக்கும், இடியாப்ப மாவிற்கும் ஆக்கிக்கொள்வதைப் பல வீடுகளில் காணலாம்.

பருவமும் சேமிப்பும்

செஞ்சிக் கோட்டையைத் தாங்கள் யாவரும் பார்த்திருப்பீர்கள். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகையிட்டும், 1698 வரையில் அது வசப்படவில்லை. மதிலும் மலையும் மாத்திரம் அதற்குக் காரணமல்ல. மதிலுக்குள் சுனைநீர் இருந்தது. தானியக் களஞ்சியங்கள் இருந்தன. அக்களஞ்சியங்களின் கட்டிடங்களை இன்றும் அங்கே காணலாம். பஞ்சம் வரும் என்று அறிந்து மலிவு காலத்தில் நிரப்பி வைப்பதே கோட்டையின் காவல். குடும்பத்திற்கும் அப்படியே.

புதுப்புளி வருவது மாசி பங்குனியில். காய்ந்த மிளகாயும், மல்லியும், புதுத் துவரையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே சந்தைக்கு நிறைய வருகின்றன. வருஷத்துப் புளியை அப்போது வாங்கிக் கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்புச் சேர்த்து மண் சாடியில் அடைத்து வைத்தல் நம் பாட்டிமார் வழக்கம். துவரம் பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி உலர்த்தி வைத்தால் வண்டு அணுகுவது குறையும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காக்க முடிந்த அளவிற்கு மேல் வாங்குதல் சிக்கனமன்று. புழுத்துப்போன பருப்பின் விலை எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே. பூஞ்சாணம் பூத்த மணிலாப் பயறு ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. மனம் வருந்தினாலும் அதனை எறிந்துவிடவே வேண்டும்.

காய்கறிகளிலும் இவ்விதியே. எந்தக் காய் சந்தையில் குவிந்து கிடக்கிறதோ அதுவே அந்த வாரத்துக் காய். தக்காளி விலை ஏறிய நாளில் தக்காளி இன்றிக் குழம்பு வைக்க முடியாது என்று எண்ணாதீர்கள். புளி எதற்காக இருக்கிறது? கொல்லையில் ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, ஒரு பப்பாளி, பந்தலில் ஓர் அவரைக்கொடி, பாத்திரம் துலக்கும் நீர் ஓடுமிடத்தில் இரண்டு வாழை ஆகியவை சந்தைக்குப் போகாமலே சந்தை செய்வனவாகும்.

அடுப்பங்கரை

வாங்குவதில் சேமித்ததைச் சமைப்பதில் இழக்கலாம். அரிசியையும் பருப்பையும் அரைமணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் எரிபொருள் மிச்சமாகும். கொதி வந்தபின் தீயைத் தணித்து, மூடி வைத்து வேகவிட வேண்டும். தளதளவென்று கொதிப்பதனால் சோறு விரைவில் வேகாது, வாயு மாத்திரம் தீரும். பருப்பு வெந்தபின்னரே புளிக்கரைசலை ஊற்றவேண்டும். புளிப்புப் பட்டால் பருப்பு வேகத் தாமதிக்கும். குக்கர் உள்ள வீட்டார் சோறு, பருப்பு, காய் மூன்றையும் அடுக்கி ஒரே தீயில் முடிக்கலாம்.

சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுவோர், நீரில் கரையும் சத்துக்களையும் உடன் கொட்டுகிறார்கள். அக்கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம். ரசத்திற்கும் குழம்பிற்கும் ஊற்றலாம். காலையில் வேகவைத்த பருப்பின் தெளிந்த நீரை எடுத்து வைத்தால் இராத்திரி ரசம் ஆயிற்று. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். கீரைத் தண்டு கூட்டாகும். மிஞ்சிய சோறு நீரூற்றிக் காலைப் பழையதாகும். மிஞ்சிய இட்லி உதிர்த்துத் தாளித்தால் பிள்ளைகளின் மாலைப் பலகாரமாகும். இவையெல்லாம் புதியன அல்ல. நாகரிகம் என்று எண்ணி நாம் கைவிட்டவையே.

கேழ்வரகையும் மறக்கலாகாது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அது பத்துக்குக் கீழ். வாரத்தில் மூன்று வேளை கூழோ, களியோ, அடையோ செய்தால் எலும்பிற்கும் நல்லது, அரிசி டப்பாவிற்கும் நல்லது.

எண்ணெயைப் பற்றி ஒரு கணக்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாதாரணமாக வயது வந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்புப் போதும் என்றிருக்கிறது. பெரியவர் நால்வருக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ஆகிறது. அதற்கு மேல் வீட்டில் செலவாகுமானால் வடைச் சட்டியையும் அப்பளச் சட்டியையும் பார்க்கவேண்டும். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். புட்டியைச் சாய்த்து ஊற்றும் கைக்குக் கணக்கு இல்லை.

குறைக்கலாகாதவை

இவ்வளவும் சொன்னபின், இன்று நான் சொல்லவந்தவற்றுள் முக்கியமானதைச் சொல்கிறேன். சிக்கனம் வேறு, வயிற்றைக் கட்டுதல் வேறு. செலவைக் குறைக்கவேண்டும் என்று ஒரு வீட்டில் தீர்மானம் ஆனவுடன், முதலில் குறைவது பொட்டலமும் அன்று, தேநீர்க் கடையும் அன்று. வீட்டுப் பெண்ணின் இலையே. எல்லோரும் உண்டபின் சட்டியில் இருப்பதை வழித்து அவள் உண்கிறாள். காய் இருந்தால் காய், இல்லையேல் ஊறுகாய். கணக்கு நோட்டில் இது மிச்சமாகவே தோன்றும்.

ஆனால் அந்த மிச்சம் எங்கே வெளிப்படுகிறது தெரியுமா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதிற்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர். நாற்று நடுகிறவளும், களை எடுக்கிறவளும், கடலை பறிக்கிறவளும் அந்தப் பெண்களே. அவர்கள் இளைத்தால் கூலியும் இளைக்கும். அவர்கள் வயிற்றில் வளரும் பிள்ளையும் இளைக்கும். ஆகவே அவ்விதம் மிச்சம் பிடித்த பணம் சேமிப்பன்று. உடலின் மேல் வாங்கிய கடன். அதற்கு வட்டி கட்டுவோர் குழந்தைகள்.

ஆதலால் குறைக்கலாகாதவை நான்கு: பருப்பும் பயறும், கீரை, குழந்தைகளின் பாலும் முட்டையும், வீட்டுப் பெண்ணின் பங்கு. மேற்சொன்ன வழிகாட்டி ஒருவருக்கு நாளைக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் என்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த அளவு எட்டுவதில்லை. பொட்டலத்தில் மிச்சமான 600 ரூபாயைக் கொள்ளிலும், பச்சைப் பயறிலும், கொண்டைக்கடலையிலும், முட்டையிலும் போடுங்கள். முருங்கைக் கீரையுடன் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் அதிகம் சேரும். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் சேர்வது குறையும். ஆகவே தேநீரைச் சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதற்கும் செலவில்லை; அதுவே மேற்சொன்ன குறைக்குச் சிறந்த மருந்து.

சங்கம் செய்யக்கூடியது

ஒரு வீட்டார் தனியே செய்ய முடியாததைப் பல வீட்டார் சேர்ந்து செய்யலாம். இருபத்தைந்து குடும்பத்தார் ஆளுக்கு இரண்டு கிலோப் பருப்பு வேண்டும் என்றால் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஆயிற்று. மொத்த விலையில் கிலோவிற்கு 12 ரூபாய் குறையும் என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 600 ரூபாய். குடும்பத்திற்கு 24 ரூபாய். இது அற்பம் என்று தோன்றலாம். பருப்புடன் எண்ணெய், மிளகாய், புளி, சோப்பு என்று சேர்த்துப் பன்னிரண்டு மாதமும் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதற்குக் கட்டிடமும் வேண்டாம், கடையும் வேண்டாம். மாதம் 25ஆம் தேதிக்குள் வீட்டு ஜாபிதாவையும் ரொக்கத்தையும் வாங்கவேண்டும். நம்பிக்கையான இருவர், அதில் ஒருவர் பெண்ணாக, கொள்முதலுக்குப் போகவேண்டும். சரக்கை எல்லோர் முன்னிலையிலும் எடை போட்டுப் பகிரவேண்டும். வண்டிக் கூலி உட்படக் கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கவேண்டும். எவருக்கும், பஞ்சாயத்தார் ஆயினும் உறவினர் ஆயினும், கடன் தருவதில்லை. கடன் கொடுத்த அன்றே இந்த முயற்சி முடிந்தது என்று எழுதிக்கொள்ளலாம். ராக்டேலின் பாடம் இதுவே.

அங்கத்தினர்களே, தாய்மார்களே! விலைவாசி நம் கையில் இல்லை. மழையும் நம் கையில் இல்லை. கையில் வந்த பணம் எங்கே போகவேண்டும் என்பது மாத்திரம் பெரும்பாலும் நம் கையில் உள்ளது. இம்மாதம் முதல் தேதியன்று ஒரு நோட்டும் நான்கு டப்பாவும் வைத்துத் தொடங்குங்கள். மூன்று மாதம் சென்றபின் அந்த நோட்டுகளை இக்கூட்டத்திற்கு எடுத்துவாருங்கள். பற்று நோட்டில் பெயர் இல்லாத வீடு எத்தனை என்று அன்று எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணிக்கையே இச்சங்கத்தின் உண்மையான லாபம்.